மீடியாவிக்கி: சொன்னவர் பெயர் அழியாத இடம்

எங்கள் பராமரிப்புப் பிரிவின் அனுபவக் குறிப்புகளை மீடியாவிக்கிக்கு மாற்றி 2 வருடம் ஆகிறது. விக்கிப்பீடியா ஓடுவதும் இதே மென்பொருளில்தான். கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் காசை மிச்சம் பிடிக்க இதற்கு வரவில்லை.

முன்பு வைத்திருந்த மென்பொருளில், ஒருவர் வேலையை விட்டதும் கணக்கை நீக்கிவிடுவோம். அவர் எழுதிய பக்கங்களிலெல்லாம் ‘அட்மின்’ என்று வந்து உட்கார்ந்துவிடும். 30 வருடம் பம்புகளோடு மல்லுக்கட்டியவரின் கைப்பக்குவம் யாரோ எழுதியதாகிவிடும். எனக்கு அது திருட்டாகவே பட்டது.

மீடியாவிக்கியில் கணக்கைத் தடை செய்யலாம். நீக்குவதற்கென்று பொத்தான் இல்லை. ஒவ்வொரு திருத்தமும் யார் செய்தது, எப்போது என்று வரலாற்றில் நிற்கிறது. பேரிங் பற்றிய பக்கத்தில் ‘சூடானால் கிரீஸ் அடிக்கவும்’ என்று நான் எழுதியிருந்தேன். ஓய்வு பெற இருந்த ஃபிட்டர் அண்ணன் அதைத் திருத்தினார். இரண்டையும் ஒப்பிட்டால் இடப்பக்கம் மஞ்சளில் என் வரி, வலப்பக்கம் நீலத்தில் அவர் வரி: ‘உடனே அடிக்காதே. கிரீஸ் கூடிப்போனாலும் பேரிங் சூடாகும்.’ அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வரும் பையன்கள் அந்த வரியை அவர் பெயரோடுதான் படிக்கிறார்கள்.

இன்னொன்றும் பிடித்தது. யார் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்று இது தானாகக் கணக்கு வைப்பதில்லை. தெரியாததைத் தேடிப் படிக்கிறவன் மேலதிகாரிக்குப் பயப்பட வேண்டாம்.

குறை உண்டு. இன்னின்ன பக்கத்தை இன்னார்தான் பார்க்கலாம் என்று பிரித்துப் பூட்ட இது சரிப்படாது. அதன் ஆவணங்களே அப்படித்தான் சொல்கின்றன. அதனால் ஊழியர் புகார், உடல்நல விவரம் எதையும் இதில் ஏற்றுவதில்லை. உங்களுக்கு அதுதான் முக்கியம் என்றால் வேறு பாருங்கள்.

சம்மதம் கேட்பதும் இதில் தானாக வராது. நாங்களே ஒரு வார்ப்புரு செய்துகொண்டோம்: ‘சொன்னவர்’, ‘பகிரச் சம்மதித்த நாள்’. இரண்டும் நிரம்பாமல் எதையும் எழுதுவதில்லை. பழைய வால்வு ஒன்றைப் பற்றி அண்ணன் நிறையச் சொன்னார். அப்புறம், “இன்னும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி, இப்ப போடாதே” என்றார். அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் தலைப்பு மட்டும்தான் இருக்கிறது.