மதுவிலக்கு ஏலத்தில் எடுத்த பைக்: வண்டிக்கு நான்கு நட்சத்திரம், காகிதத்துக்கு ஒன்று

புதுச்சேரி எல்லையை ஒட்டிய ஒரு மாவட்டத்தின் ஆயுதப்படை மைதானத்தில் நடந்த பொது ஏலத்தில் ஒரு நூறு சிசி பைக்கை 14,500 ரூபாய்க்கு எடுத்தேன். ஜிஎஸ்டி தனி. எல்லாமே மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகள். ஆதார் நகலும் முன்பணமும் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஏலம் கேட்கலாம்.

பட்டறை வைத்திருப்பவன் என்பதால் வண்டியைப் பற்றியே முதலில் சொல்கிறேன். ஸ்டார்ட் செய்து பார்க்க விடமாட்டார்கள். கிக்கரை அழுத்தி, என்ஜின் இறுகிவிட்டதா என்று மட்டும் பார்க்கலாம். அதுவே போதும். பாட்டில் மூட்டை சுமந்த வண்டிக்குப் பின்பக்கம்தான் முதலில் போகும்: இரண்டு சாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிவு, கேரியர் பற்றவைத்த இடத்தில் விரிசல். என்ஜினோ தங்கம். போலீஸ் துரத்தும்போது நின்றுவிடக் கூடாது அல்லவா, பழைய உரிமையாளர் அதை மட்டும் அக்கறையாகப் பார்த்திருக்கிறார்! வெயிலிலும் மழையிலும் கிடந்ததால் டேங்க் உள்ளே துரு, டயர்களில் வெடிப்பு, பேட்டரி பிணம். கார்புரேட்டரைக் கழுவி, செயின் செட் மாற்றி, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ஆனது. கூலி என்னுடையது. வெளியே வேலைக்கு விடுகிறவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

இத்தனை வண்டிகள் எப்படி வந்து குவிகின்றன என்று உடன் வந்த தம்பி கேட்டான். 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்த அதே மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. அரசே டாஸ்மாக்கில் விற்கிறது. ஆனால் புதுச்சேரியில் பில் போட்டு வாங்கிய பாட்டிலைக்கூட இங்கே கடத்திவந்தால் வழக்குதான். பாட்டில் வைத்திருந்தவர் மீதான வழக்கு நீதிமன்றத்தில் ஒருபக்கம் நடக்கும். வண்டியின் தலையெழுத்து வேறு: அந்தச் சட்டத்தின் 14(4) பிரிவின்படி அதிகாரியே விசாரித்து அரசுடைமை ஆக்கலாம், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தனக்கும் வண்டியை ஓட்டியவருக்கும் தெரியாமல் நடந்தது, இருவருமே தக்க எச்சரிக்கையோடு இருந்தோம் என்று உரிமையாளர் நிரூபித்தால் தப்பலாம். மச்சானிடம் வண்டியை இரவல் கொடுத்து இழந்தவர்களை எனக்கே தெரியும். ஆகவே ஏலம் கேட்கும் முன், பறிமுதலை எதிர்த்து உரிமையாளர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலம் விட்ட விதத்தில் குறை சொல்ல முடியாது. வண்டி எண்ணை உரக்கப் படித்தார்கள், தொகையைப் பலகையில் எழுதினார்கள், சிபாரிசுக்கு இடமில்லை. காயலான் கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை ஏறவிடாமல் பார்த்துக்கொண்டதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் உடைந்த வண்டிகளின்மேல்தான். ஓடும் வண்டி தேடுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை.

எரிச்சல் எல்லாம் பிறகுதான். ஏல ஆணையில் சேஸிஸ் எண்ணின் (வண்டியின் சட்டகத்தில் பொறித்த எண்) ஒரு இலக்கத்தைத் தவறாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகம் திருப்பி அனுப்பியது. திருத்தித் தர வேண்டியவர் விடுப்பில், பிறகு பந்தோபஸ்து பணியில், பிறகு இடமாற்றலில். ஓடுகிற வண்டியைப் பெயர் மாற்ற முடியாமல் மாதக்கணக்கில் பட்டறை மூலையில் சாய்த்துவைத்திருந்தேன். அந்த ஒற்றை நட்சத்திரமும், கடைசியில் திருத்திக் கொடுத்த பெண் எழுத்தருக்காகத்தான்.

எடுக்கப் போகிறவர்கள் ஒரு டார்ச்சும் உப்புத்தாளும் கொண்டுபோங்கள். ஆணை கைக்கு வந்ததும் மைதானத்தை விட்டு வெளியே வராமல், துருவைத் தேய்த்து, சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.