ஹை பார் தோல் கிரிப்: இளம் வீரர்கள் வாங்கலாமா?

ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் ஃபாபியன் ஹாம்பூஹன் ஹை பாரில் (உயரத்தில் பொருத்திய ஒற்றைக் கிடைக்கம்பி) 2008-இல் வெண்கலம், 2012-இல் வெள்ளி, 2016-இல் தங்கம் என்று ஒலிம்பிக்கில் படிப்படியாக ஏறியவர். அவர் வழியில் போக நினைக்கும் ஜெர்மன் பையன்கள் ‘ரெக்’ என்று அழைக்கும் அந்த 28 மி.மீ. தடிமனுள்ள கம்பிக்கு, உள்ளங்கையை மூடி மாட்டும் மூன்று விரல் துளையுள்ள தோல் கிரிப்தான் சரி. தொங்கும் வளையங்களில் செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கான இரண்டு விரல் கிரிப்பை இதில் மாட்டக் கூடாது.

பக்கிள் வைத்தது வெல்க்ரோவைவிட இறுக்கமாக நிற்கிறது, கழற்றத்தான் நேரமாகும். அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வளரும் பையன்தானே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால், தோல் கம்பியைச் சுற்றி மடிந்து தன்மேலேயே சிக்கிக்கொள்ளும். கை நிற்கும், உடல் சுழலும். முன்கை எலும்பு முறியும். பழைய கிரிப் நீண்டுபோனாலும் இதே ஆபத்துதான்.

புதிய தோல் வழுக்கும். கம்பி பிரஷால் லேசாகத் தேய்த்து, மெக்னீசியம் கார்பனேட் பவுடர் பூசி, சில நாள் சாதாரண ஊஞ்சலாட்டம் மட்டும். பிறகே முழுச் சுற்று. விரல் துளையோரம் விரிசல் தெரிந்தால் தைக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். போட்டிப் பையில் பழக்கிய இன்னொரு ஜோடி இருக்கட்டும்.