மெக்கைவர் முதல் சீசன்: வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு

கையில் கிடைக்கும் சாதாரணப் பொருட்களையும் அறிவியலையும் வைத்தே ஆபத்திலிருந்து தப்பிக்கும் மெக்கைவர் என்ற ரகசிய ஏஜென்ட்டைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'மெக்கைவர்'. அதன் முதல் சீசனின் டிவிடி தொகுப்பு என்னிடம் பல வருடங்களாக இருக்கிறது, எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 1985 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கி மறு வருடம் மே வரை ஓடிய 22 எபிசோடுகள். முதல் தடவை எல்லோரையும் போல நானும் கதைக்காகத்தான் பார்த்தேன். கதை அத்துப்படியான பிறகும் என்னை உட்கார வைப்பது, மெக்கைவர் யோசிப்பதை நமக்குக் காட்டுகிற விதம்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூ மெக்சிகோவில் நிலத்தடி ஆய்வகம் ஒன்றில் விபத்து, உள்ளே விஞ்ஞானிகள் சிக்கியிருக்கிறார்கள், கந்தக அமிலம் கசிகிறது. மெக்கைவர் சாக்லேட்டை எடுத்துக் கசிகிற இடத்தில் வைத்து அடைக்கிறான், அடைத்துக்கொண்டே சர்க்கரையும் அமிலமும் சேர்ந்தால் கரியும் பிசினும் உண்டாகும் என்று விளக்குகிறான். பள்ளி ஆய்வகத்தில் சர்க்கரை மேல் அடர் கந்தக அமிலத்தை ஊற்றி, அது கருப்பாகப் பொங்கி எழுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அமிலம் சர்க்கரையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது, மிஞ்சுவது கரி. பாடப் புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த ஒரு விஷயம் இங்கே உயிர் காக்கிறது. எனக்கு அந்த இடத்தில் இன்றைக்கும் புல்லரிக்கும்.

அதே எபிசோடில் சோடியத்தைக் கேப்ஸ்யூல் மாத்திரையின் கூட்டுக்குள் போட்டுத் தண்ணீரில் விட்டு, சுவரையே உடைப்பான். 2008இல், இப்படிப்பட்ட நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியான மித்பஸ்டர்ஸின் குழு இதைச் செய்து பார்த்தது, சுவர் விழவில்லை. சரி, விழாமல் போகட்டும். கூடு கரையும் வரை ஓடி ஒளிந்துகொள்ள நேரம் கிடைக்கும் என்று யோசித்தான் பாருங்கள், அதற்காகவே அந்தக் காட்சியை எனக்குப் பிடிக்கும். ஆபத்தான செய்முறைகளில் முக்கியமான ஒரு பொருளை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டுவிடுவார்கள், பிள்ளைகள் வீட்டில் முயன்றுவிடக் கூடாது என்பதற்காக. பொறுப்பான வேலை.

மெக்கைவராக வரும் ரிச்சர்ட் டீன் ஆண்டர்சனின் நடிப்பு பார்க்கப் பார்க்கத்தான் கூடுகிறது. ஒரு காரியம் பலித்துவிட்டால் ஆர்ப்பாட்டமே கிடையாது, லேசாக ஒரு புன்னகை, அப்புறம் அடுத்த வேலை. துப்பாக்கி மேல் மெக்கைவருக்கு உள்ள வெறுப்பு இந்த சீசனில் இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை, அதற்குக் காரணமான சிறுவயதுச் சம்பவம் நான்காவது சீசனில்தான் வருகிறது.

குறைகளும் நிறைய, வருடங்கள் போகப் போக அவை கண்ணை உறுத்துகின்றன. பெரிய திரையில் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடங்கள் அப்பட்டமாகத் தெரியும். 'ட்ரம்போஸ் வேர்ல்ட்' எபிசோடில் எறும்புப் படை வரும் காட்சிகள் பல 1954இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்திலிருந்து எடுத்தவை. 'தீஃப் ஆஃப் புடாபெஸ்ட்' எபிசோடின் மினி கார் துரத்தல் 1969இல் வந்த பிரிட்டிஷ் படத்தினுடையது. பட நிறமே மாறிவிடும். பர்மா, ஆப்கானிஸ்தான் என்று கதை எங்கே போனாலும் படம் பிடித்ததென்னவோ லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்தான், அந்த நாட்டு மனிதர்களையும் கொடுமைக்காரர்கள், அப்பாவிகள் என்று இரண்டே வகையாகப் பிரித்துவிடுகிறார்கள். வாரம் ஒரு பெண் வருவாள், அடுத்த வாரம் அவளைப் பற்றிப் பேச்சே இருக்காது. இதெல்லாம் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பாதி சீசனில் மெக்கைவரின் மேலதிகாரியும் நண்பருமான பீட் தார்ன்டன் வந்து சேர்ந்ததும் தொடர் நிமிர்ந்து உட்காருகிறது. பீட்டாக நடிக்கும் டானா எல்கார் முதல் எபிசோடிலேயே வேறொரு பாத்திரத்தில் வந்துபோனவர், மறுபடி பார்க்கும்போது கவனியுங்கள். அதுவரை தனியாளாகத் திரிந்த மெக்கைவருக்கு அக்கறையோடு கடிந்துகொள்ள ஓர் ஆள் கிடைக்கிறது, அந்த நட்புதான் பின்னால் வந்த ஆறு சீசன்களையும் தாங்கியது.

ஓடிடியை நம்பி இருக்காதீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றில் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவிட்டார்கள், டிவிடிதான் கைகொடுத்தது. ஒரே மூச்சில் பார்க்கவும் வேண்டாம், வாரம் ஒன்று போதும், அடுத்தடுத்துப் பார்த்தால் கதைகள் ஒன்றுபோலத் தெரியும். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவன் கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கேள்வி வரும், நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.