என்.கே. செல் டெஸ்டா, ஏ.பி.எஸ். டெஸ்டா: காசை முதலில் எதில் போடுவது?

ஐ.வி.எஃப்.-இல் கருவைக் கருப்பைக்குள் வைக்கும் டிரான்ஸ்ஃபர் இரண்டாவது தடவையும் நெகடிவ் ஆன பிறகு என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் என்.கே. செல் டெஸ்ட், ஏ.பி.எஸ். பேனல், இன்ட்ராலிப்பிட் டிரிப், ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி. என்று வரிசையாக எழுதியிருந்தது, கூடவே "உங்க உடம்பே கருவை எதிரியா நெனச்சு வெளிய தள்ளுது" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் பல நாள் தூங்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே தாளில் இருந்தாலும் இவையெல்லாம் ஒரே தரத்துச் சரக்கு கிடையாது என்று அப்போதுதான் புரிந்தது.

முதலில் ஏ.பி.எஸ்., அதாவது ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். இதில் உடம்பு தன் சொந்தச் செல்களுக்கு எதிராகவே சில ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. அதனால் ரத்தம் எளிதில் உறைகிறது, நஞ்சுக்கொடியும் பாதிக்கப்படுகிறது. பார்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன். ஒரு தடவை பாசிட்டிவ் வந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிட்டிவாக இருந்தால்தான் கணக்கு. ஏற்கெனவே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் லூபஸ் டெஸ்ட் முடிவு குழம்பும், அதனால் ஊசிக்கு முன்னாலேயே ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. இதற்குச் சிகிச்சையும் தெளிவாக இருக்கிறது. 1997-இல் லண்டனில் தொடர் கருச்சிதைவும் இந்த ஆன்டிபாடியும் உள்ள 90 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் போட்டவர்களில் 71 சதவீதம். இந்த இடைவெளி சின்னது இல்லை.

ஆனால் அந்தப் பெண்கள் எல்லோரும் கருத்தரித்து, பிறகு இழந்தவர்கள். கருவே ஒட்டாமல், கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ரத்த டெஸ்ட் நெகடிவாக மட்டுமே வந்துகொண்டிருப்பவருக்கு இந்த 71 சதவீதத்தைக் காட்டி ஹெப்பாரின் எழுதினால், அது வேறொருவருடைய கணக்கை எடுத்து நம் தலையில் வைப்பது.

சரி, என்.கே. செல். "நேச்சுரல் கில்லர்" என்ற அந்தப் பெயர்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் கருப்பை உட்சுவரில் உள்ள வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான், இருக்கவும் வேண்டும். கருவுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை அகலப்படுத்தும் வேலையில் இவற்றுக்கும் பங்கு உண்டு. கையில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் என்.கே. செல்லோ பெரும்பாலும் வேறு ரகம். கையில் ஓடும் ரத்தத்தில் அது கூடியிருக்கிறது என்பதால் கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ரிப்போர்ட்டில் "ஹை" என்று சிவப்பில் வந்ததைப் பார்த்து அழுத எனக்கு இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

டெஸ்ட்டை விடுங்கள், அதற்குப் பின்னால் வரும் சிகிச்சைகளையாவது ஒப்பிட்டுப் பார்ப்போம். விலை குறைந்தது ஸ்டீராய்டு மாத்திரை, கேட்காமலே எழுதிவிடுகிறார்கள். சீனாவில் பல தடவை ஐ.வி.எஃப். தோற்ற 715 பெண்களில் பாதிப் பேருக்கு தினம் 10 மி.கி. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2023-இல் வந்தது. ஸ்டீராய்டு எடுத்தவர்களில் குழந்தை பிறந்தது 37.8 சதவீதம் பேருக்கு, வெறும் மாத்திரையில் 38.8. அதோடு நிற்கவில்லை, ஸ்டீராய்டு எடுத்துக் கருத்தரித்தவர்களில் குறைப்பிரசவம் கூடியது, பீட்டா பாசிட்டிவ் வந்து ஸ்கேனில் எதுவும் தெரியும் முன்பே நின்றுபோவதும் கூடியது. லூபஸ் மாதிரி, உடம்பு தன்னையே தாக்கும் வேறு நோய்க்காக எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

பால் மாதிரி வெள்ளையாக ஏறும் இன்ட்ராலிப்பிட், சோயா எண்ணெயும் முட்டையிலிருந்து எடுத்த கொழுப்பும் கலந்தது, வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டமாகக் கொடுக்க வந்த மருந்து. முட்டை, சோயா அலர்ஜி இருந்தால் தொடவே கூடாது. ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடிகள், பர்ஸைக் காலி செய்வதில் இதுதான் முதலிடம். பிரிட்டனில் கருத்தரிப்பு மையங்களைக் கண்காணிக்கும் ஹெச்.எஃப்.இ.ஏ. அமைப்பு, ஸ்டீராய்டு உட்பட இந்த மூன்றுமே குழந்தை பிறப்பதைக் கூட்டும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்கிறது.

கணவரின் வெள்ளை அணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போடும் முறை இன்னும் மோசம். 1999-இல் வந்த ஆய்வில் அந்த ஊசி போட்டவர்களில் 36 சதவீதமும் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 48 சதவீதமும் வெற்றி பெற்றார்கள். 2002-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. இதை யார் பரிந்துரைத்தாலும் நான் எழுந்து வந்துவிடுவேன்.

விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடி பற்றியும் கேட்பார்கள். இக்ஸி செய்கிறவர்களுக்கு அது பெரிய தடையில்லை, அதில் விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்திவிடுகிறார்கள். தைராய்டு ஆன்டிபாடி மட்டும் இருந்து தைராய்டு அளவு சரியாக இருந்தால், தைராய்டு மாத்திரையால் குழந்தை பிறப்பது கூடவில்லை என்று 952 பெண்களிடம் நடந்த 2019 ஆய்வு காட்டியது. அளவே சரியில்லை என்றால் அது வேறு விஷயம், கட்டாயம் மருந்து வேண்டும்.

ஆகவே என் கணக்கு இது. இரண்டு தடவையோ அதற்கு மேலோ கரு கலைந்திருந்தால் ஏ.பி.எஸ். டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள், மருத்துவர் எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒட்டவே இல்லை என்றால் என்.கே. டெஸ்ட்டுக்கு வைத்திருக்கும் காசைக் கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கும் அடுத்த டிரான்ஸ்ஃபருக்கும் வையுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலான கருக்களில் குரோமோசோம் கோளாறு இருக்கும், அதை எந்த டிரிப்பும் மாற்றாது. நான் அந்தத் தாளில் ஏ.பி.எஸ்.-ஐ மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நெகடிவ் வந்தது. ஹெப்பாரின் இல்லாமல், டிரிப் இல்லாமல் மூன்றாவது டிரான்ஸ்ஃபருக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.