380 ரூபாய் மேக்ரோ லென்ஸும் எங்கள் வீட்டுக் கணக்கு டீச்சரும்

செல்போனில் மாட்டுகிற கிளிப் லென்ஸ் ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வேலூர் ஆற்காடு ரோட்டில் ஒரு சின்னக் கடையில் 450 சொன்னார்கள், 380-க்குக் கொடுத்தார்கள். டப்பா மேல் ரோஜாப்பூ, மோதிரம், ஒரு பெண்ணின் கண் என்று படமெல்லாம் பிரமாதமாக இருந்தது. நான் வாங்கியது ஓர் எட்டுக்கால் பூச்சியைப் பார்க்க.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். காம்பவுண்டு சுவர் ஓரம் ஒரு செம்பருத்தி, பக்கத்திலேயே தொட்டியில் கற்றாழை. ஆவணிக் கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு வலை வந்தது. வலையின் நடுவில் தலைகீழாக ஒரு சிலந்தி. எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நாலு கால் மாதிரி நீட்டிக்கொண்டு, அப்படியே ஒரு பெருக்கல் குறி. கால் போகிற திசையிலேயே வலையில் வெள்ளை வெளேரென்று ஜிக்ஜாக் கோடு வேறு. இரண்டாம் வகுப்பு படிக்கிற சின்னவன் பார்த்த அன்றைக்கே 'கணக்கு டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டான். அவன் நோட்டில் அதிகமாக விழுகிற குறி அதுதான்.

அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. காலையில் சாமிக்குப் பூ பறிக்கிற வழியை வலை மறித்துக்கொண்டிருந்தது. "இன்னாம்மா இது, வாசல்லயே பூச்சிய வளக்கறீங்க? அது மூத்திரம் பட்டா வாயெல்லாம் கொப்புளம் வந்துடும்" என்று துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அவர்கள் கட்சிதான். கரப்பான் பூச்சிக்கே ஸ்டூல் மேல் ஏறுகிறவள். ஏழாவது படிக்கிற பெரியவள்தான் குறுக்கே நின்றாள். இது மனுஷரை ஒன்றும் செய்யாது, ஈயையும் வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்னும், அப்புறம் இது பூச்சியே கிடையாது, பூச்சிக்கு ஆறு கால்தான் என்று வகுப்பெடுத்தாள். துடைப்பம் அன்றைக்கு உள்ளே போனது.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது வேறு வழியில். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் நான் க்யூ.சி., அதாவது தரம் பார்க்கிறவள். நாள் முழுக்க தையலைப் பார்ப்பதுதான் வேலை. குதிகால் பக்கம் இரண்டு தோல் துண்டைச் சேர்க்க ஜிக்ஜாக் தையல் போடுவார்கள். அதில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் என் கண்ணுக்குப் படும். இந்தச் சிலந்தி போட்ட ஜிக்ஜாக் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் எங்காவது விட்டிருக்கிறதா என்று பத்தடி தூரத்திலிருந்து தெரியவில்லை. கிட்டப் போகப் பயம். லென்ஸ் இருந்தால் தூரத்தில் நின்றே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். மேக்ரோ லென்ஸ் தூரத்துக்கு ஆகாது. ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கிட்டக் கொண்டுபோனால்தான் படமே தெளிகிறது. கொஞ்சம் தள்ளினாலும் எல்லாம் கலங்கிப்போகும். வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. டப்பாவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு லென்ஸ் திருகி ஒன்றாக வரும். மேலே இருப்பது வைட் ஆங்கிள்; ஓரமெல்லாம் வளைந்து தெரியும், ஒன்றுக்கும் உதவாது. அதைக் கழற்றிவிட்டால் அடியில் இருப்பதுதான் மேக்ரோ. போனில் மூன்று கேமரா இருந்தால் எதன் மேல் மாட்டுவது என்று குழப்பம் வரும். ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள், எதை மூடினால் திரை இருட்டாகிறதோ அதன் மேல் மாட்டுங்கள். கவரைக் கழற்றாமல் கிளிப் சரியாக உட்காராது. படத்தின் நடுப்பகுதி நன்றாக வருகிறது, ஓரம் மங்கல். காற்றடித்தால் போட்டோவை மறந்துவிட்டு வீடியோ எடுத்து, அதிலிருந்து ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்வது உத்தமம்.

முதல் நாள் கை நடுங்கி, போன் விளிம்பு வலையில் பட்டுவிட்டது. டீச்சர் வலையோடு சேர்ந்து ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்துவிட்டது. மிரண்டால் அப்படி ஆடி எதிரியைக் குழப்புமாம். நான் குழம்பினேன், போன் கற்றாழைத் தொட்டிக்குள். மூன்றாவது நாள்தான் ஒரு படம் ஒழுங்காக வந்தது. பெரியவள் தேடிக் கண்டுபிடித்தாள்: ஆங்கிலத்தில் சிக்னேச்சர் ஸ்பைடர், அறிவியல் பெயர் ஆர்ஜியோபி அனசூஜா. உடம்பு ஒரு சென்டிமீட்டர்தான். திரையில் பார்த்தால் தலைப்பக்கம் வெள்ளிப் பொடி தூவின மாதிரி மயிர், வயிற்றில் மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை, பாவாடைக் கரை போல. அந்த ஜிக்ஜாக் ஒரே நூல் இல்லை, பல மெல்லிய இழை சேர்ந்த நாடா. ஏன் போடுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை: பூச்சியை இழுக்க என்கிறார்கள் சிலர், பறவை மோதி வலையைக் கிழிக்காமல் இருக்க என்கிறார்கள் சிலர். என் க்யூ.சி. தீர்ப்பு: மூன்று கோடு பாஸ், நாலாவது கோடு பாதியில் நிற்கிறது, ரிஜெக்ட். மறுநாள் ராத்திரி மழையில் வலை பிய்ந்து, காலையில் புதுசு வந்தபோது நாலும் சரியாக இருந்தது.

இரண்டாவது வாரம் கிளிப்பின் உள்பக்க ரப்பர் கழன்று விழுந்தது. கடைக்குப் போனேன். "ரப்பருக்கெல்லாம் யாருமே வாரண்டி தரமாட்டாங்க அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார் அந்தத் தம்பி. கம்பெனியில் வெட்டிப் போட்ட லைனிங் தோலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து ஒட்டினேன். ரப்பரைவிட அது நன்றாகப் பிடிக்கிறது.

அத்தை மனசு மாறினது காளஹஸ்தியால். கொழுந்தனார் கல்யாணம் தள்ளிப்போனபோது காட்பாடியில் ரயில் ஏறி, திருப்பதி வழியாக ராகு கேது பரிகாரத்துக்குப் போய் வந்தவர்கள் அவர்கள். ஒரு நாள் சாயங்காலம் நான் எடுத்த வீடியோவைக் காட்டினேன். வெட்டுக்கிளி ஒன்று விழுந்ததும் டீச்சர் பின்னங்காலால் பட்டு இழையை அகல அகலமாக இழுத்து, வேட்டி சுற்றுகிற மாதிரி சுற்றி மூடியதைப் பார்த்தபடியே, "ஸ்ரீன்னா சிலந்திதான். ஸ்ரீ, காளம், ஹஸ்தி. சிலந்தி, பாம்பு, யானை" என்று ஆரம்பித்தார்கள். சிலந்தி சிவனைப் பூஜித்த கதையை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, "மூஞ்சி எங்க கீது? சரியாக் காட்டு" என்றார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்துக் கிளையில் பூ பறிப்பதில்லை.

வலையின் ஓரத்தில் ஒரு துளியூண்டு சிலந்தி இருந்ததைச் சின்னவன் குட்டி என்றான். குட்டி இல்லை, அதுதான் புருஷன், சில சமயம் பெண் சிலந்தி அதைத் தின்றுவிடும் என்று பெரியவள் சொன்னதும் அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இந்த லென்ஸில் எடுக்க முடியாது.

சரி, வாங்கலாமா? ஓடுகிறதை, பறக்கிறதை எடுக்க நினைத்தால் வேண்டாம். பகல் முழுக்க ஒரே இடத்தில் உட்காருகிற எதற்கும் 380 ரூபாய் தண்டமில்லை. கடையிலேயே கிளிப்பின் ரப்பரை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஐப்பசியில் கற்றாழை இலைக்கு அடியில் காகிதம் மாதிரி ஒரு பை தெரிந்தது, முட்டைப் பை. பத்து நாளில் டீச்சரைக் காணோம். அத்தை தலைக்குத் தேய்க்கக் கற்றாழை ஒடிக்கிறபோது அந்த ஒரு இலையை விட்டுவிட்டு ஒடிக்கிறார்கள். லென்ஸ் இப்போது அவர்கள் பூக்கூடையில் இருக்கிறது; காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில்தான் போனைக் கேட்பார்கள்.