கோடை இசைத் திருவிழா: கலைஞர் வரிசையை நம்பிப் பணம் கட்டப்போகும் வன்னி மக்களுக்கு

சென்ற ஆகஸ்ட் மாதம் கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வெளியில், கோடை இசைத் திருவிழா என்று விளம்பரம் செய்து நடத்தப்பட்ட நிகழ்ச்சிக்கு ஆறு நுழைவுச்சீட்டுகள் வாங்கி 18,000 ரூபாயை இழந்தவன் நான். அதே ஆட்கள் வேறொரு பெயரில் வரும் கோடைக்கும் சீட்டு விற்கத் தொடங்கியிருப்பதைச் சென்ற வாரம் கண்ட பின்னரே இதை எழுத உட்கார்ந்தேன். முறைப்பாடு இன்னும் முடியாமல் இருப்பதால் அவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டாலும் பெரிய பயன் இராது, ஏனெனில் சட்டை மாற்றுவது போலப் பெயர் மாற்றுகிறவர்கள் அவர்கள். அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையே விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரப் படம் முதன்முதலில் எங்கள் கைபேசிகளுக்கு வந்தது வைகாசி மாதத்தில், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு. எட்டு முகங்கள் இருந்தன. மேலே நடுவில், வன்னியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பெயர் தெரிந்த ஒரு பின்னணிப் பாடகர். அவருக்கு இருபுறமும் இரண்டு பாடகிகள். கீழே தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் வந்த இளையவர்கள். எல்லாருக்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், எங்கள் பக்கத்து இசைக்குழு ஒன்றின் பெயர். பெரிய இசை நிகழ்ச்சி என்றால் யாழ்ப்பாணம் முற்றவெளிதான் என்று பழகிப்போன சனம் நாங்கள். 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணன் அங்கே இலவசமாக நடத்திய நிகழ்ச்சிக்கும், 2024 பெப்ரவரி 9ஆம் திகதி ஹரிஹரன் பாட வந்து தடுப்புகள் உடைந்து குழப்பத்தில் முடிந்த நிகழ்ச்சிக்கும் எங்கள் ஊரிலிருந்து வான் பிடித்துப் போய், விடியற்காலையில் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எட்டுப் பேர் எங்கள் வாசலுக்கே வருகிறார்கள் என்றதும் புதுக்குடியிருப்பில் தேநீர்க் கடை தொடங்கிக் குடும்ப வட்ஸ்அப் குழு வரை வேறு பேச்சே இருக்கவில்லை.

அந்தப் பேச்சு முழுவதும் கலைஞர் வரிசையைப் பற்றியது. எண்பதுகளின் பாடல்களைப் பாட ஒருவரும் இல்லையே என்று என் அக்கா குறைப்பட்டார். இரண்டு பாடகிகளில் ஒருவர் போதும், மற்ற இடத்துக்கு ஒரு ராப் பாடகரைப் போட்டிருக்கலாம் என்றான் மருமகன். பறையும் நாதஸ்வரமும் பேர்போன மண்ணில் அவற்றுக்கு ஒரு பத்து நிமிடமாவது கொடுக்கக் கூடாதா என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஏற்பாட்டாளர்களின் முகநூல் பக்கத்தில் இந்தச் சண்டை நூற்றுக்கணக்கான கருத்துகளாக நீண்டது. அவர்களும் விடாமல், உங்கள் விருப்பப் பாடகர் யார், முதல் பாடல் எதுவாக இருக்க வேண்டும் என்று நாளுக்கொரு கேள்வி போட்டு அதை ஊதிவிட்டபடியே இருந்தார்கள். நானும் எழுதினேன். அடியில் இருக்கும் உள்ளூர்க் குழு எதற்கு, அவர்களைத்தான் கோயில் பூங்காவன இரவுகளில் இலவசமாகக் கேட்கிறோமே, 3,000 ரூபாய்ச் சீட்டில் அவர்களுக்கு என்ன வேலை என்று எழுதினேன். எழுபது பேருக்கு மேல் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. யார் பாடினால் நல்லது என்று அத்தனை பேர் மல்லுக்கட்டிய இடத்தில், அந்த எட்டுப் பேரில் எவராவது வர ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

விளம்பரப் படம் மூன்று வடிவங்களில் வந்தது. மூன்றும் என் கைபேசியில் இருந்ததால் பிறகு அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலாவதில் முகங்களின் கீழ் ‘பாடுகிறார்கள்’ என்று இருந்தது. ஆனியில் வந்த இரண்டாவதில் அது ‘கலந்து சிறப்பிக்கவுள்ளனர்’ என்று ஆனது. நிகழ்ச்சிக்குப் பத்து நாட்கள் முன்னர் வந்த மூன்றாவதில், முகங்கள் அதே அளவில் இருக்க, அடியில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘கலைஞர்கள் மாற்றத்துக்கு உட்பட்டவர்கள்’. நான் சீட்டு வாங்கியது முதல் படத்தைப் பார்த்து. பணம் திருப்பிக் கேட்டபோது அவர்கள் காட்டியது மூன்றாவது படத்தின் கடைசி வரியை.

இலண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தார். கலைஞர் மாறுவது பெரிய குற்றமா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விடயம் எனக்கு ஒரு தெளிவைத் தந்தது. இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் ஒரு பால் பண்ணையில் நடக்கும் கிளாஸ்டன்பரி இசைவிழாவுக்கு, யார் பாடப்போகிறார்கள் என்று அறிவிக்கும் முன்பே சீட்டுகள் விற்றுத் தீர்ந்துவிடும். 2025ஆம் ஆண்டு விழாவுக்கான சீட்டுகள் 2024 நவம்பரில் ஏறத்தாழ 35 நிமிடங்களில் முடிந்தன, ஒரு சீட்டு 373.50 பவுண். வாங்குபவரின் படம் சீட்டிலேயே இருப்பதால் கைமாற்றி விற்கவும் முடியாது. 1970இல் நடந்த முதல் விழாவிலேயே தலைமைக் கலைஞர்களாக வரவிருந்த கிங்க்ஸ் குழுவினர் வராமல் போக, அவர்களுக்குப் பதிலாக மார்க் போலனின் டிரனோசோரஸ் ரெக்ஸ் குழு வாசித்தது; அப்போது நுழைவுக் கட்டணம் ஒரு பவுண், பண்ணைப் பால் இலவசம். 2015இல் ஃபூ ஃபைற்றர்ஸ் குழுவின் டேவ் குரோல் கால் முறிந்து விழாவுக்கு வர முடியாதபோது, ஃபுளோரன்ஸ் அன்ட் த மெஷின் குழு அந்த இரவை ஏற்றுக்கொண்டது. வரிசையைப் பற்றிய சண்டை அங்கேயும் ஆண்டுதோறும் நடக்குமாம். ஆனால் சண்டை பிடிக்கிறவர்களுக்கு, ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் மேடையில் நிற்பார் என்பது தெரியும். வர ஒப்புக்கொண்டவர் வர முடியாமல் போவது ஒன்று, கேட்கவே படாதவரின் முகத்தை அச்சடித்து விற்பது இன்னொன்று என்று அந்த இலண்டன் அக்கா சொன்னார். இரண்டாவது வகைக்கும் வெளிநாட்டில் பெயர்போன உதாரணம் உண்டு: 2017இல் பஹாமாஸ் தீவில் நடக்கவிருந்த ஃபயர் விழாவுக்கு ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்துப் போனவர்களுக்குக் கிடைத்தது கூடாரமும் பாணும் சீஸுந்தான், ஏற்பாட்டாளர் அடுத்த ஆண்டு ஆறு வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

சீட்டை நான் வாங்கியது கிளிநொச்சியில் ஒரு கைபேசிக் கடையில். “அண்ணை, எட்டுப் பேரும் கட்டாயம் வருவினம், யோசிக்காதேங்கோ” என்றான் கடையில் நின்ற தம்பி. அவன் பொய் சொன்னதாக இப்போதும் நான் நினைக்கவில்லை. அவனுக்குச் சொல்லப்பட்டதை அவன் எனக்குச் சொன்னான், பிறகு அவனுடைய தரகுப் பணத்துக்கும் அதே கதிதான். அந்தச் சீட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. பளபளக்கும் மெல்லிய தாள், பாடகரின் முகம், பொன்னிறத்தில் ‘வீ.ஐ.பி.’ என்ற எழுத்து. தொடர் இலக்கம் இல்லை. பின்புறம் வெறுமை. அன்று இரவு சட்டைப் பையில் வியர்வை பட்டு அந்த முகத்தின் பாதி நீலமாகக் கரைந்து போயிருக்கிறது. கட்டணம் வாங்கி நடத்தும் களியாட்ட நிகழ்ச்சிகளுக்கு உள்ளூராட்சி சபைக்குக் கேளிக்கை வரி கட்ட வேண்டும், அதற்காகச் சீட்டுகளைச் சபையில் கொடுத்து முத்திரை குத்துவிக்க வேண்டும் என்பது, ஊர் விளையாட்டுக் கழகத்துக்காக ஒருமுறை சீட்டு அச்சடித்த எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் பார்க்கவில்லை. எண்ணமெல்லாம் முதல் பாடல் எதுவாக இருக்கும் என்பதில் இருந்தது.

அந்த 18,000 ரூபாயில் பாதி கச்சான் விற்ற காசு. மீதி, அறிவியல் நகரில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை மேலதிக நேர வேலைக்குக் கிடைத்ததைச் சேர்த்து வைத்தது. வான் கூலி தனி. உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம் தாண்டிப் பரந்தன் சந்திக்கு வரும்போதே வீதியோரம் வாகனங்கள் நின்றன. ஆறு மணி என்று போட்ட நிகழ்ச்சி எட்டேகால் மணிக்குத் தொடங்கியது. சோளகக் காற்றில் செம்புழுதி எழும்பி, முன்வரிசைக் கதிரைகளில் எழுதினால் எழுத்துத் தெரியும் அளவுக்குப் படிந்திருந்தது. ஆறாயிரம் ரூபாய்க் கதிரைகளுக்கும் எங்கள் கதிரைகளுக்கும் நடுவே கட்டியிருந்த கயிறு ஒன்பது மணிக்கு முன்னரே காணாமல் போனது. பெண்களுக்கு இரண்டே கழிப்பறைகள். தண்ணீர்த் தாங்கி ஒரு மணித்தியாலத்தில் வற்றியது. இவற்றை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. கோயில் திருவிழாக்களில் இதைவிட மோசமாக நின்றிருக்கிறோம்.

முதலில் மேடையேறியது பாட்டுப் போட்டியில் வந்த இளைஞர் ஒருவர். எட்டு முகங்களில் உண்மையாக வந்தவர் அவர் மட்டுமே. மேடையில் கிற்றார் ஒன்றும் கீபோர்ட் ஒன்றும் இருந்தன, புல்லாங்குழல் இல்லை; ஆனால் பாடலின் நடுவே புல்லாங்குழல் தெளிவாக ஒலித்தது. கிற்றார்காரரின் வயர் எங்கே போகிறது என்று மருமகன் கண்ணால் தொடர்ந்து பார்த்து, அது எங்கேயும் செருகப்படாமல் தரையில் சுருண்டு கிடப்பதைக் காட்டினான். கரோக்கி இசைத்தடத்தை ஓடவிட்டு மூன்று பாடல்கள் பாடிவிட்டு அந்த இளைஞர் இறங்கினார். கடைசிப் பாடலில் அவர் வாயிலிருந்து ஒலிவாங்கியை எடுத்த பிறகும் குரல் தொடர்ந்தது.

அதன் பின்னர் அறிவிப்பாளரின் நேரம். தலைமைப் பாடகர் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்றார். ஒன்பதரைக்கு ஓமந்தையைத் தாண்டிவிட்டார் என்றார். பத்தரைக்குக் கனகராயன்குளம். பதினொன்றுக்கு மாங்குளம். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அறிவிப்பே இல்லாமல் போக, “முறிகண்டிப் பிள்ளையாரடியில இறங்கித் தேங்காய் உடைக்கிறார் போல” என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார், அந்தக் கோபத்திலும் கூட்டம் சிரித்தது. அதே வேளை மருமகன் அந்தப் பாடகரின் சொந்தப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினான். அன்று மாலை வேறொரு நாட்டில் அவர் மேடையில் நிற்கும் படம், இரண்டு மணித்தியாலங்களுக்கு முன்னர் போடப்பட்டது. படம் கைபேசி கைபேசியாகப் பரவ, கதிரைகள் சரியத் தொடங்கின.

அப்போது மேடைக்கு வந்தவர்கள்தான் அடி வரியில் இருந்த உள்ளூர்க் குழுவினர். இரவு ஏழு மணிக்குப் பாட வேண்டியவர்களைப் பின்னால் ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, கூட்டத்தை அடக்க வேறு வழியில்லாத நேரத்தில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஒக்டபாட் என்ற மின்தாளக் கருவி ஒன்று, கீபோர்ட் ஒன்று, இரண்டு பாடகர்கள், ஒரு பாடகி. அவர்கள் வயர்களைச் செருகிச் சுருதி பார்க்கும் வரை கூட்டம் கூச்சலிட்டது. பின்னர் என் அக்கா ஆசைப்பட்ட எண்பதுகளின் பாடல்கள் ஐந்து, அதன் பிறகு கை தட்டித் தாளம் போடக்கூடிய பைலாக்கள் என்று, பன்னிரண்டரை மணிக்கு ஜெனரேற்றர் எண்ணெய் தீர்ந்து நிற்கும் வரை, நிற்காமல் பாடினார்கள். விளக்கு அணைந்த பிறகும் அந்தப் பாடகி ஒலிவாங்கி இல்லாமல் ஒரு சரணத்தை முடித்தார். அந்த இரவில் காசுக்குப் பெறுமதியாக நடந்தது அது ஒன்றுதான். சவுண்ட்ஸ்காரர் விடியும்வரை தன் பெட்டிகளுக்குக் காவல் இருந்ததையும், குழுவினருக்குப் பேசிய தொகையில் ஒரு சதமும் வரவில்லை என்பதையும் பிற்பாடு அறிந்தேன்.

பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீட்டு விற்ற இலக்கம் மறுநாளே அணைந்துவிட்டது. நான் வைப்புச் செய்த வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. பணம் கட்டும்போதே கண்ணில் பட்ட விடயம் இது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். அங்கே முதலில் கேட்டது சீட்டின் தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும். என்னிடம் இருந்தது வங்கித் துண்டு மட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, எழுத்திலும் அனுப்பினோம். தலைமைப் பாடகரின் முகாமையாளருக்கு மருமகன் மின்னஞ்சல் எழுதினான். இரண்டு நாட்களில் பதில் வந்தது: சித்திரையில் திகதி கேட்டு ஒரு அழைப்பு வந்தது, முற்பணம் வரவில்லை, ஒப்பந்தம் எழுதப்படவில்லை, படத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கவுமில்லை. அதே மின்னஞ்சலை வைகாசியில் எழுதியிருந்தால் அதே பதில்தான் வந்திருக்கும், 18,000 ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

சென்னையில் 2023 செப்டெம்பர் 10ஆம் திகதி ஏ.ஆர். ரஹ்மானின் நிகழ்ச்சியில் கூட்டம் மிஞ்சிப் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பியபோது, சீட்டின் பிரதியை அனுப்பும்படி அவரே வெளிப்படையாகக் கேட்டதை நாங்கள் எல்லாரும் வாசித்தோம். அது மேடைக்கு வந்த கலைஞர் செய்த காரியம். எங்களுக்கு நேர்ந்ததில் கேட்பதற்கு அப்படி ஒருவரும் இல்லை. மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒரு புதிய இலக்கத்திலிருந்து வந்த செய்தியில், பணம் திரும்பத் தரப்படமாட்டாது, அடுத்த நிகழ்ச்சியில் பாதி விலைக்கழிவு தரப்படும் என்று இருந்தது.

அந்த அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரப் படம்தான் சென்ற வாரம் வந்தது. இம்முறை பத்து முகங்கள். கருத்துப் பகுதியில் மீண்டும் அதே சண்டை: இவர் ஏன், அவர் ஏன் இல்லை, பழைய பாடல் வேண்டும், ராப் வேண்டும். சீட்டு 4,000 ரூபாயிலிருந்து. பணம் கட்ட நினைப்பவர்கள் சீட்டில் பிரதேச சபையின் முத்திரையும் தொடர் இலக்கமும் உண்டா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பத்துப் பேரின் சொந்தப் பக்கங்களில் இந்தத் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த அளவில் ஒருவரிடமும் இல்லை. படத்தின் அடியில், முன்பைவிடச் சிறிய எழுத்தில், விசுவமடுப் பக்கத்து அந்த இசைக்குழுவின் பெயர் மறுபடியும் இருந்தது. அவர்களில் ஒக்டபாட் வாசிப்பவருக்கு அழைப்பு எடுத்து, மறுபடியும் ஒப்புக்கொண்டீர்களா தம்பி என்று கேட்டேன். “என்ன படம் அண்ணை? ஒருக்கா அனுப்பிவிடுங்கோ, பாப்பம்” என்றார்.