கோத்தகிரியில் யாருக்கு எந்த நம்பர்

நீலகிரியில் கால் வைப்பதற்கு முன்பே போன் நம்பர் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். உள்நாட்டுக்காரர்களுக்கு மொபைலில் ஓடிபி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இ-மெயில். நான் அமெரிக்காவிலிருந்து வருகிறவன், இ-மெயிலிலேயே முடித்திருக்கலாம். ஆனால் கோவையில் என்னை ஏற்றிக்கொண்ட டிஎன் 38 கார்க்காரர், "அதெல்லாம் நானே போட்டுட்டேனுங்க" என்று தன் நம்பரில் பாஸ் எடுத்து வைத்திருந்தார். நீலகிரியிலேயே பதிவான டிஎன் 43 வண்டியாக இருந்தால் பாஸே தேவையில்லை. சோதனைச் சாவடியில் வண்டி நம்பரைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

மேலே போன பிறகுதான் கதை. தங்கும் விடுதி, குன்னூரில் தேயிலைத் தூள் விற்கும் கடை, டாக்சி ஸ்டாண்டு, மருந்துக்கடை, இடம் காட்டுகிற புரோக்கர் என்று எல்லாருக்கும் நம்பர் வேண்டும். இதில் புரோக்கர்கள் தனி ரகம். கோத்தகிரிப் பக்கம் ஒருவரிடம் சும்மா விலை விசாரித்தால் போதும், மறுநாள் அரவேணுவிலிருந்தும் கட்டபெட்டிலிருந்தும் வேறு வேறு ஆட்கள், "வியூவோட பத்து சென்ட் இருக்கு சார்" என்று கூப்பிடுவார்கள். நாம் விமானம் ஏறிய பிறகும் விடமாட்டார்கள். அவர்களுக்கு இரவு ஏழு மணி, எனக்கு விடியாத காலை.

அதனால் இந்த முறை விர்ச்சுவல் நம்பர் ஒன்றோடு வந்தேன். சிம் கார்டு இல்லாமல், இணையம் வழியாக ஒரு செயலிக்குள் அடிக்கிற நம்பர். என்னுடையது கூகுள் வாய்ஸ். 2009-லிருந்து இருக்கிற சேவை, அமெரிக்க நம்பர் ஒன்றை இலவசமாகத் தருகிறது. வாங்குவதற்கு ஏற்கெனவே ஒரு அமெரிக்க நம்பர் வேண்டும், வாங்கிய பிறகு எந்த ஊர் வைஃபையிலும் ஓடும். அமெரிக்காவில் கடைக்காரர்களுக்கும் பழைய சாமான் வாங்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் கொடுப்பேன். மலையிலும் இதே ஒன்று போதுமா என்று பார்க்க ஆசை.

பாதி போதும். வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் சரியாக இருந்தது. விடுதிக்காரர், புரோக்கர்கள், எஸ்டேட் சுற்றிக் காட்டுகிறவர் யாருக்கும் +1 என்று தொடங்கும் நம்பர் ஒரு பொருட்டே இல்லை. புரோக்கருக்கு இன்னும் உற்சாகம் என்றுகூடச் சொல்லலாம், விலை கொஞ்சம் ஏறியது.

சாதாரண அழைப்பு என்று வந்தால் இது உதவாது. டாக்சி ஓட்டுகிறவர் எதற்காக ஐஎஸ்டி போட்டு நம்மைக் கூப்பிட வேண்டும்? அவர் ரீசார்ஜில் அந்த வசதியே இருக்காது. வாட்ஸ்அப் காலில் வாங்க என்றால், கொண்டை ஊசி வளைவுகளில் டேட்டா வரும், போகும். மழை நாளில் மரம் விழுந்தால் கரன்ட்டும் கேபிளும் சேர்ந்தே போய்விடும், வைஃபையை நம்பி இருக்கிற நம்பர் அங்கே ஊமை. மலையில் இன்னும் சாதாரண போன் கால்தான் ராஜா. "கீழ வந்துட்டேனுங்க, எந்தத் திருப்பம்?" என்று கேட்க அதுதான் வேண்டும்.

சரி, உள்ளூர் சிம் வாங்கியே ஆக வேண்டும். அத்தை தன் மேசை டிராயரில் கிடந்த சிம் ஒன்றை எடுத்து நீட்டினார். நம் வீடுகளில் இது வழக்கம்தான், நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஒருவர் பேரில் 9 சிம் வரைதான் இருக்கலாம். அந்த நம்பரில் எது நடந்தாலும் முதலில் அத்தையைத்தான் தேடி வருவார்கள். மாமா பையனை விட்டு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அத்தையின் பேரில் எத்தனை இணைப்பு என்று பார்க்கச் சொன்னேன். மொபைல் நம்பரும் ஓடிபியும் போதும், பட்டியல் வந்துவிடும். அதில் ஒன்று அத்தைக்குத் தெரியாத நம்பர். "இது என்னுடையது அல்ல" என்று அங்கேயே குறித்துப் புகார் கொடுத்தோம். ஊருக்கு வந்து நான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பது அத்தையின் கருத்து.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்குச் சிம் வாங்கும்போது பாஸ்போர்ட், விசா, புகைப்படம் தவிர உள்ளூர்க்காரர் ஒருவரின் நம்பரும் கேட்பார்கள், அதற்கு ஓடிபி போகும். மாமா பையன் கடையில் கூடவே நின்றான். இப்போது விற்கும் பயண இசிம்களில் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்) பல டேட்டா மட்டும் தருபவை. அவற்றில் நம்பர் கிடையாது, வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று மாமா பையனுக்குப் புரியவில்லை. பேக்கரியில் வர்க்கியும் டீயும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கார்க்காரரின் நம்பரை அவன் யூபிஐ செயலியில் போடச் சொன்னேன். பணம் அனுப்பும் முன்பே அவரது முழுப் பெயர், இனிஷியலோடு, வங்கியில் இருக்கிறபடி வந்துவிட்டது. 2025 ஜூன் இறுதிக்குள் எல்லாச் செயலியும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லியிருந்தது. தவறான ஆளுக்குப் பணம் போகாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் பத்து இலக்கம் தெரிந்த எவருக்கும் பெயர் தெரிந்துவிடுகிறது. பலருடைய யூபிஐ ஐடியே போன் நம்பர்தான், பணம் கட்டும்போது அதுவும் போய்ச் சேரும். மாமா பையன் அங்கேயே உட்கார்ந்து நம்பர் இல்லாத ஐடி ஒன்றை உருவாக்கிக்கொண்டான். டீ ஆறிப்போனது.

இங்கேதான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வசதி. அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் உட்பட சில நாடுகளின் நம்பரிலேயே என்ஆர்இ, என்ஆர்ஓ என்கிற, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கை யூபிஐயில் இணைக்கலாம். எல்லா வங்கியும் தருவதில்லை, கேட்டுப் பார்க்க வேண்டும். என் கணக்கு அமெரிக்காவில் இருக்கும் அசல் நம்பரில் இருக்கிறது. அந்த நம்பர் வீட்டாருக்கும் வங்கிக்கும் மட்டும். விர்ச்சுவல் நம்பரை வங்கிக்குக் கொடுக்கவே கூடாது, பல வங்கிகள் ஏற்பதில்லை, ஏற்றாலும் ஓடிபி வரும் என்று நம்பி இருக்க முடியாது. கோத்தகிரியில் வாங்கிய சிம்மில் பணமும் இல்லை, கணக்கும் இல்லை. அதைச் செயலியில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. அப்புறம் அதை டாக்சிக்காரருக்கும் காய்கறிக் கடைக்கும் தாராளமாகக் கொடுத்தேன்.

குன்னூர்த் தேயிலைக் கடையில் மட்டும் எந்த நம்பரும் கொடுக்கவில்லை. பில் போடுகிற பெண் கேட்டார். நம்பர் இல்லைங்க என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை, ஒன்பதைப் பத்து முறை தட்டி பில்லை நீட்டிவிட்டார். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2023-லேயே நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சொல்லிச் சண்டை போடத் தேவையே வரவில்லை.

விடுதி வேறு மாதிரி. வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் தங்குகிறவரைப் பற்றி அவர்கள் அரசுக்குப் படிவம் போட்டே ஆக வேண்டும், அதனால் பாஸ்போர்ட் விவரம் கேட்பது நியாயம். அதை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நேரில் காட்டுகிறேன் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். ஆதார் கேட்கிற இடத்தில் உள்ளூர்க்காரர்கள் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கிற 16 இலக்க விர்ச்சுவல் ஐடியும் 2018 முதல் இருக்கிறது. அத்தை வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று. "இலவசத் தற்காலிக நம்பர்" என்று இணையத்தில் கிடைக்கிறதே, அந்தப் பக்கம் போக வேண்டாம். மாமா பையனின் மகள் காட்டினாள். திறந்த பலகை போல ஒரு பக்கம், அந்த நம்பருக்கு வரும் ஓடிபி எல்லாம் வருகிறவர் போகிறவர் கண்ணெதிரே வரிசையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கணக்குத் தொடங்கினால் அடுத்த ஆள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போய்விடலாம்.

திரும்பும்போது உள்ளூர் சிம்மை உயிரோடு வைத்திருக்க நான் மெனக்கெடவில்லை. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நிறுவனம் அதை முடக்கலாம், பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். அதில் வாட்ஸ்அப் வைத்திருந்தால் கிளம்பும் முன் கணக்கையே அழித்துவிட வேண்டும், செயலியை மட்டும் நீக்கினால் போதாது. பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் இத்தகைய செயலிகள் ஓட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது, அதனால் இந்திய நம்பர் வாட்ஸ்அப்பை சிம் இல்லாமல் அமெரிக்காவில் ஓட்டலாம் என்ற திட்டமும் இனி வேண்டாம். நான் கோவை விமான நிலையத்தில் உட்கார்ந்தே அழித்தேன். கார்க்காரரின் நம்பரை அதற்கு முன் அசல் போனில் பதிந்துகொண்டேன். புரோக்கர்கள் விர்ச்சுவல் நம்பரில் இருக்கிறார்கள், இரவு பத்து முதல் காலை எட்டு வரை அது அடிக்காது.